கல்முனைவாசி ஒருவர்

“கல்முனை, புதன்கிழமை. இவ்வூர்ப் பள்ளிவாசலில் சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின் பின்னர் கூடிய ஜமாஅத்தார், வெற்றிடமாயிருந்த மரைக்கார் பதவிக்கு — குடியின் சார்பில் ஜனாப் — அவர்களை ஏகமனதாகத் தெரிவுசெய்தனர். புதிய மரைக்கார் நன்றி கூறிப் பேசினார். தேநீருடன் கூட்டம் கலைந்தது.”

பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் உட்பக்கத்தில், சவர்க்கார விளம்பரம் ஒன்றுக்குக் கீழே இந்தச் செய்தி இருக்கிறது. கோடிட்ட முதலாவது இடத்தில் எங்கள் குடியின், அதாவது குலத்தின், பெயர் இருந்தது. இரண்டாவது இடத்தில் என் உம்மாவின் வாப்பாவுடைய பெயர் இருந்தது. எங்கள் வீட்டுக் கதைப்படி, செய்தி வெளிவந்த அன்று அவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அவருடைய மனைவி இன்னொருவரை நிக்காஹ் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இறந்த பிறகு நன்றி கூறிப் பேசியவர் எங்கள் குடும்பத்தில் வேறு எவரும் இல்லை.

பெயரையும் ஆண்டையும் நான் எழுதாமல் விட்டது என் சாச்சி போட்ட நிபந்தனை.

“பேரைப் போடாத. போட்டா ஊர் சிரிக்கும். வருசத்தையும் போடாத. போட்டா என்ட வயசைக் கண்டுபிடிச்சிருவாங்க.”

சாச்சியின் வயது அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அதை வங்கியும் ஆஸ்பத்திரியும் கிராம சேவகரும் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் வாக்கு வாக்குத்தான். ஆண்டு குறிப்பிடாமல் நான் எழுதும் முதலாவது கட்டுரை இது. சட்டை போடாமல் சந்தைக்குப் போவது போல இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற உப தபால் அதிபர். வேலையில் இருந்த காலம் முழுவதும் தினமும் காலையில் முத்திரைக் கட்டையில் திகதியை மாற்றியவன். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது கொப்பியில் மாற்றுகிறேன். முதல் மழை என்றைக்கு விழுந்தது, நோன்புப் பிறையை எந்த ஊரில் கண்டார்கள், எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது நின்று எப்போது வந்தது, எல்லாம் அதில் இருக்கும். யாருக்காவது தங்கள் பிள்ளை பிறந்தது வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா என்று சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். சாச்சியும் அப்படித்தான் வந்தார்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. தாய் ஒன்று, தகப்பன் வேறு; அந்தத் தாய்தான் என் மூத்தம்மா. உம்மா மூத்தம்மாவின் முதலாவது கணவருக்குப் பிறந்தவர். சாச்சி இரண்டாவது கணவருக்குப் பிறந்தவர். அந்தக் கணவர்கள் இருவரையும் நான் மூத்தாப்பா என்றுதான் சொல்ல வேண்டும். வாசிப்பவருக்குக் குழப்பம் வராதிருக்க முதலாமவர், இரண்டாமவர் என்றே எழுதுகிறேன். இருவரும் ஆட்சேபிக்கும் நிலையில் இல்லை.

முதலாமவர் சம்மாந்துறையில் பிறந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. ஆண் அங்கே போய்ச் சேர்கிறான். அப்படிச் சேர்ந்த ஒருவன் இல்லாமற்போனால் வீட்டில் ஒரு பெட்டி குறையும், வேறு மாற்றம் அதிகம் தெரியாது. முதலாமவரும் இரண்டாமவரும் கூட்டாளிகள். இருவருக்கும் பொதுவாக ஒரு மாட்டுக் கரத்தை இருந்தது. கருவாடும் உப்பும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு உட்பக்கம் போவார்கள். வரும்போது நெல் ஏற்றி வருவார்கள். ஒருமுறை இறக்காமத்துக்குப் போன இடத்தில் முதலாமவருக்குக் காய்ச்சல் கண்டது. அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கப்பட்டார். இரண்டாமவர் கரத்தையை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்து செய்தி சொன்னார். கையில் முதலாமவரின் குடையும் வெற்றிலைப் பையும் இருந்தன. மூத்தம்மா இத்தா இருந்தார்: நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆண் முகம் பாராமல். அதன் பிறகும் பல மாதம் கழித்து இரண்டாமவர் அவரை நிக்காஹ் செய்துகொண்டார்.

இதில் மார்க்கப்படி ஒரு குற்றமும் இல்லை. சிக்கல் என்னவென்றால், மரணச் செய்தியைக் கொண்டுவந்தவரே மாப்பிள்ளை ஆனார். மரணத்தைக் கண்ட வேறொருவர் ஊரில் இல்லை. ஜனாஸாவின் முகத்தை ஊரார் யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் ஒருவர் வந்து, பதுளைச் சந்தையில் முதலாமவர் வெங்காயம் விலை கேட்டுக்கொண்டு நின்றதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். கண்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஊர் விட்டிருக்கும். வெங்காயம் சேர்ந்ததும் நம்பிவிட்டது.

அந்தக் கதை உண்மையானால் இரண்டாமவர் பொய்யர். மூத்தம்மா, புருஷன் உயிரோடு இருக்க இன்னொருவரைக் கட்டியவர். சாச்சி என்ன என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சாச்சி என் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் எழுதவில்லை. சாச்சிக்குக் கலியாணம் பேசிய காலத்தில் அந்தச் சொல்லால் ஒரு இடம் தட்டிப்போனது. பிறகு வேறு இடம் அமைந்தது; பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆனது. சொல் மட்டும் சாகவில்லை.

சென்ற வருடம் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. பெண்கள் பக்கத்தில் சாச்சி சஹனில் உட்கார்ந்தார். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சஹன். எதிரே இருந்த ஒரு முதிய பெண், பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இவட வாப்பாதானே கூட்டாளியக் காட்டில விட்டுட்டு வந்து குடையோட பொண்ணெடுத்தவரு.”

சாச்சி கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார். சஹனில் ஒருவர் சாப்பிடாமல் எழும்புவது எங்கள் ஊரில் சின்ன விஷயம் அல்ல. மிச்சம் ஐந்து பேருக்கும் சோறு இறங்காது. அந்த முதிய பெண்ணுக்கு மட்டும் இறங்கியதாகக் கேள்வி.

மறுநாள் காலை சாச்சி என் வீட்டுக்கு வந்தார்.

“நீ திகதி பாக்கிறவன்தானே மனே?”

“ஓம் சாச்சி.”

“அப்ப எனக்கும் ஒரு திகதி பாத்துத் தா. அவர் எப்ப மவுத்தானாரு? எங்கட உம்மாட நிக்காஹ்வுக்கு முந்தியா, புறகா?”

“முந்தித்தானே சாச்சி. எல்லாரும் அப்பிடித்தானே—”

“எல்லாரும் சொல்லுறத நானும் காலமெல்லாம் கேட்டுட்டுத்தான் இரிக்கன். எழுத்தில காட்டு.”

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மூத்தம்மாவின் இரண்டாவது நிக்காஹ்வின் பதிவுப் பிரதி, லெமினேட் செய்தது. சுனாமியில் கடல் வந்த அன்று சாச்சி வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியது இதையும் பிரஷர் குளிசையையும்தான். நகை உள்ளே கிடந்தது.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டு திகதிகள். ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மற்றது எங்கும் இல்லை. காட்டோரத்தில் நடந்த மரணத்தை யாரும் பதியவில்லை. மாவட்ட அரசாங்கக் கச்சேரியின் பதிவேடுகளிலும் தேடிப் பார்த்தேன். மிஞ்சியது பழைய பத்திரிகைகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குச் சம்பளம் இல்லை. பத்திரிகை இலவசமாக வரும். ஆகவே எதையும் விடாமல் எழுதினார்.

ஒரு முரண்பாட்டை இங்கே குறித்துவைக்க வேண்டும். முதலாமவர் என் இரத்தம். அவர் எவ்வளவு காலம் வாழ்ந்திருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். சாச்சிக்கோ அவர் காலத்தோடு இறந்திருக்க வேண்டும். இருவரும் ஒரே மனிதரைத்தான் தேடினோம். எந்த நிலையில் கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை.

கொழும்பில் பழைய பத்திரிகைகளைப் பாதுகாக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் போக நான் பை கட்டியபோது என் மனைவி வாசலில் நின்றாள்.

“மவுத்தானவங்களத் தேடிக் கொழும்புக்குப் போறீங்க. இருக்கிறவங்களுக்கு முழங்கால் எண்ணெய் ஒண்டு வாங்கிட்டு வர ஏலுமா?”

“ஏலும்.”

“போன தரமும் இப்பிடித்தான் சொன்னீங்க.”

போன தரம் எது என்று நான் கொப்பியைப் பார்க்கவில்லை. அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அங்கே பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில்தான். பத்திரிகைகளை மாதவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். தாள் மொறுமொறுத்த பலகாரம் மாதிரி, வேகமாகப் புரட்டினால் ஓரம் உதிரும். உதிர்ந்ததை மேசையிலிருந்து கூட்டி ஒரு உறையில் போட்டுத் தர வேண்டும். அந்த உறைகளை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். வைத்திருக்கிறோம் என்றார்கள்.

எங்கள் கரைப்பக்கச் செய்திகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மழை பெய்தது அல்லது பெய்யவில்லை. வெள்ளாமையில் யானை புகுந்தது. தலைமை ஆசிரியர் இடம் மாறிப் போனார், ஊரார் கண்ணீருடன் வழியனுப்பினர். புதிய தலைமை ஆசிரியர் வந்தார், ஊரார் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். சில இடங்களில் இரண்டும் ஒரே கிழமையில் நடந்திருக்கிறது. கரைவாகில் கூட்டம், நிந்தவூரில் பரிசளிப்பு, ஆலையடிவேம்பில் திருவிழா, சம்மாந்துறையில் நெல் விலை. எல்லாக் கூட்டமும் தேநீருடன் கலைந்தது. நான் முதலாமவரின் பெயருக்காக விரலை வைத்து வரிவரியாக இறங்கினேன். அவர் மவுத்தாகியிருக்க வேண்டிய மாதங்களில் அவர் பெயர் இல்லை. ஆகவே முன்னேறிப் போனேன், நிக்காஹ் மாதத்தையும் தாண்டி. அங்கேதான், சவர்க்காரத்துக்குக் கீழே, அவர் மரைக்காராகி நன்றி கூறிப் பேசினார்.

பெயர் ஒன்று பொருந்துவதை நான் உடனே நம்புகிறவன் அல்ல. எங்கள் ஊரில் அந்தப் பெயர் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் பொருந்தியது; அதுவும் போதாது. முன்னோரைத் தேடுவது எப்படி என்று வெளிநாட்டார் எழுதிய புத்தகங்கள் பலவற்றை வாசித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே அறிவுரை: ஆளின் பெயரை நம்பாதே, குடும்பப் பெயர் பொருந்துகிறதா என்று பார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் குடி இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும், அந்தக் குடியிலிருந்தே ஒரு மரைக்கார். செய்தியில் இருந்தது எங்கள் குடி. செய்தியைக் கொப்பியில் பிரதி செய்து, குடியின் பெயரைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, “உறுதி” என்று எழுதினேன். அந்தச் சொல்லை நான் இலேசில் எழுதுவதில்லை.

ஒரு கணம் சந்தோஷமாகவும் இருந்தது. முதலாமவர் பிழைத்திருக்கிறார், மரைக்காராகவும் ஆகியிருக்கிறார். பிறகு சாச்சியின் ஞாபகம் வந்தது. உதிர்ந்த தாளைக் கூட்டி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். முழங்கால் எண்ணெயை மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

“மரைக்காரா வந்திரிக்காரு. பேப்பர்ல இரிக்கி.”

“பொஞ்சாதி வேற ஆளக் கட்டி மூணு மாசத்தில, அதே ஊர்ப் பள்ளியிலயா?”

“ஓம்.”

“அந்த ஆளும் அதே பள்ளியிலதானே தொழுதிருப்பாரு. ரெண்டு பேரும் ஒரே சஃப்பு வரிசையில நிண்டாங்களாமா?”

அதை நான் யோசிக்கவில்லை. பத்திரிகையில் இல்லாததை யோசிப்பது என் வழக்கம் அல்ல. சாச்சியிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்தேன். இரண்டு கிழமை தள்ளினேன். சாச்சி மூன்று முறை ஆளனுப்பினார். மூன்றாவது முறை வந்தவன், “போகாட்டி சாச்சி ஓட்டோவில வருவாவாம், ஓட்டோக் காசு நீங்கதான் குடுக்கணுமாம்” என்றான். போனேன்.

சாச்சிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்து சில நாள். கண் மருந்து விட்டுக்கொண்டு, இமைகளை மூடியபடி சாய்கதிரையில் படுத்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்க முடியாதது எனக்கு வசதியாக இருந்தது.

“வாசி.”

வாசித்தேன். திகதியோடு வாசித்தேன். தேநீர் வரைக்கும் வாசித்தேன்.

“பேர் அவருட பேர்தானா?”

“ஓம் சாச்சி. வாப்பாட பேர்ர எழுத்தும் அதுதான்.”

சாச்சியின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குப் போனது. அது மருந்து என்று எடுத்துக்கொண்டேன்.

“அப்ப எங்கட வாப்பா…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

நான் இடையில் நிறுத்தும் வழக்கம் இல்லாதவன். சான்று முழுதாக இருக்க வேண்டும் என்று மிச்சத்தையும் சொன்னேன்.

“பேர் மட்டுமெண்டா சந்தேகப்படலாம் சாச்சி. குடியும் சரியா இரிக்கி. நம்மட குடிதான்.”

சாச்சி கண்ணைத் திறந்தார். மருந்து விட்டால் உடனே திறக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“என்ன குடி?”

“நம்மட குடி, சாச்சி.”

“நம்மட எண்டா ஆர்ர?”

“மூத்தம்மாட குடி. அதுதானே உம்மாக்கும் உங்களுக்கும் வந்த. எனக்கும் அதுதானே.”

“மூத்தம்மாவக் கட்டின மாப்பிள்ளைக்கும் அதே குடியா?”

கொப்பியைப் பார்த்தேன். “உறுதி” என்றுதான் இருந்தது.

“டேய், ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்கேலுமாடா? ஒரு வயித்துப் பிள்ளையள் மாதிரியெல்லோ! உனக்குப் பொண்ணு பாக்கக்குள்ள முதல்ல என்னத்தடா விசாரிச்ச?”

“குடி.”

“உன்ட பொஞ்சாதி நம்மட குடியா?”

“இல்ல.”

“புறகு என்ன மயக்கம்? நம்மட குடிக்கு மரைக்காராகிறவன் நம்மட குடிப் பொம்புளையக் கட்டினவனா இருக்கவே மாட்டான். அதுக்காகப் போய்க் கொழும்பில இரிந்து கோடு போட்டிருக்கான்! உனக்குத் தபால் கந்தோர்ல பென்சனும் குடுக்கிறாங்க!”

எங்கள் குடி தாய்வழி வருவது. தன் குடிக்குள் எவரும் மணம் முடிப்பதில்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. என் மூன்று பிள்ளைகளின் கலியாணத்திலும் நானே விசாரித்திருக்கிறேன். குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்து வரும் ஊர்களுக்காக எழுதிய அறிவுரையைத் தாயிடமிருந்து குடி வரும் ஊரில் கொண்டுவந்து பாவித்தேன். எந்தப் பொருத்தத்தை உறுதி என்று எழுதினேனோ, அவர் அந்த ஆள் இல்லை என்பதற்கு அதுவேதான் உறுதி.

சாச்சிக்கு இப்போது ஆளே விளங்கிவிட்டது.

“அது எங்கட உம்மாட பெரியம்மாட மகன். அதே பேர்தான். எனக்கு அலிஃப் பே சொல்லித் தந்தவரு. எப்பவும் வாய்க்குள்ள வெத்தில. ஓதித் தரக்குள்ள பக்கமெல்லாம் சிவப்பு. நல்ல மனிசன். அவரக் கொண்டுபோய் எங்கட உம்மாக்கு மாப்பிள்ளையாக்கிட்டான் இவன், அஸ்தஃபிருல்லாஹ்!”

சிரிக்கத் தொடங்கினார். மூடியிருக்க வேண்டிய கண்ணால் நன்றாகவே நீர் வந்தது. இந்த முறை மருந்து அல்ல.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, “என்ன குடியெண்டு அண்டைக்கு எனக்கிட்டச் சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பன்” என்றாள். கொப்பியில் “உறுதி” என்பதை வெட்டி, வெட்டிய திகதியையும் எழுதினேன்.

சாச்சி அத்தோடு விடவில்லை. மறுநாள் தொலைபேசியில் வந்தார்.

“அவர் உசிரோட இருந்ததுக்குச் சாட்சியில்ல. அது சரி. மவுத்தானதுக்கு?”

“அதுக்கும் இன்னும் இல்ல சாச்சி.”

“அப்ப என்னத்துக்கு வீட்டில இரிக்காய்?”

மீண்டும் கொழும்புக்குப் போனேன். இம்முறை பெயரைத் தேடவில்லை. முதல் முறை பெயருக்காக விரலை ஓட்டியதால், பெயரில்லாதவர்கள் எல்லோரையும் கடந்து போயிருந்தேன். இப்போது அதே மாதங்களை, ஊரையும் சம்பவத்தையும் பார்த்துப் படித்தேன். மூன்றாம் நாள், நான் ஏற்கெனவே ஒருமுறை விரல் வைத்துப் போன பக்கத்தில், இது இருந்தது:

“இறக்காமம். இப்பகுதியில் விஷக்காய்ச்சல் பரவி வருகிறது. நெல் வாங்குவதற்காகக் கரத்தையுடன் வந்த கல்முனைவாசி ஒருவர் சென்ற வாரம் இக்காய்ச்சலால் காலமாகி இங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். உடன் வந்த இருவர் ஊருக்குத் தகவல் கொண்டு சென்றனர். குளத்தோரத்தில் யானைகளின் நடமாட்டமும் அதிகரித்துள்ளது.”

யானைகளுக்கு ஒரு முழு வாக்கியம். அவருக்குப் பெயர் இல்லை. சாச்சியின் பிளாஸ்டிக் உறையில் இருக்கும் திகதிக்கு இது ஓராண்டுக்கும் மேல் முந்தியது. இரண்டாமவர் சொன்ன கதைக்கு ஊர் பொருந்துகிறது, காய்ச்சல் பொருந்துகிறது, கரத்தை பொருந்துகிறது, நெல் பொருந்துகிறது. இருவர் என்பது பொருந்தவில்லை. எங்கள் குடும்பத்தில் எவர் சொன்ன கதையிலும் உடன் போனவர் ஒருவர்தான்.

“உறுதி” என்று எழுதவில்லை. ஒருமுறை பட்டது போதும். முழங்கால் எண்ணெய் வாங்கினேன்.

ஊருக்கு வந்ததும் இறக்காமத்துக்கு ஒருநாள் போய்வந்தேன். மையவாடியில் பழைய கபுறுகளுக்கு அடையாளக் கல் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரைக் கண்டு, வெளியூரார் ஒருவரை முந்திய காலத்தில் அடக்கிய இடம் எது என்று தெரியுமா என்று கேட்டேன்.

“வெளியூர் ஆக்கள் எண்டா வேலியோரமாத்தான் வச்சிருப்பாங்க. ஆனா வேலி எது எண்டு சொல்லேலாது. மூணு நாலு தரம் மாறிட்டு.”

“அடையாளம் ஒண்டும் இல்லையா?”

“தலைமாட்டில மீசான் கட்டை நட்டிருப்பாங்க. ஆனை வந்தா அதில முதுகு சொறியும். எத்தினயத்தான் நடுற?”

அந்தப் பதிலையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மோதினாரின் வயதைக் கேட்டேன். என்னை விட இளையவர். எனவே இந்த விஷயத்தில் அவர் சாட்சி அல்ல.

சாச்சியிடம் செய்தியை வாசித்தேன். இந்த முறை கண் திறந்தே இருந்தது. கண்ணாடியும் போட்டிருந்தார். என் பென்சில் எழுத்தைத் தானும் ஒருமுறை வாசித்தார். விரலை வைத்து, மெதுவாக.

“கல்முனைவாசி எண்டு போட்டிருக்கு. அவர் பொறந்தது சம்மாந்துறையெல்லோ?”

“அதுதான் எனக்கும் சந்தேகம் சாச்சி.”

“என்ன சந்தேகம்? ஆம்பிளைக்குப் பொண்டாட்டி ஊர்தான்டா ஊர். உன்ட வாப்பா மருதமுனையில பொறந்தவரு. அவர இஞ்ச ஆர் மருதமுனையான் எண்டு கூப்பிட்ட?”

ஒருவரும் கூப்பிட்டதில்லை. அந்தச் சந்தேகத்தை அடித்துவிட்டேன்.

“ஆனா பேர் இல்ல சாச்சி. அந்தக் காலத்தில கரத்தையில போனவங்க எத்தினயோ பேர். காய்ச்சலில மவுத்தானவங்களும் எத்தினயோ பேர். புறகு இன்னொண்டு. உடன் வந்த இருவர் எண்டு இரிக்கி. நம்மட கதையில ஒருத்தர்தானே?”

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று என் மனைவி பிறகு சொன்னாள். வாசிக்கும்போது ஒரு சொல்லை விழுங்குவது எனக்கு வராது. தந்தி வாசித்துப் பழகியவன்.

சாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மீண்டும் போட்டார். வெளியே மீன் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“ரெண்டு பேர்,” என்றார்.

“ஓம்.”

“நல்லாப் பார்த்தியா? ரெண்டெண்டுதான் இரிக்கா?”

“இருவர் எண்டு எழுத்தில இரிக்கி.”

“அப்ப என்னடா சந்தேகம்? எங்கட வாப்பா ஒருத்தர்தான் கண்டவர் எண்டுதானே ஊர் நம்பல்ல. ஒருத்தன் சொன்னாத்தான் பொய்யெண்டு சொல்லலாம். ரெண்டு பேர்ர சாட்சியெண்டா காதி கோட்டிலயும் எடுபடும், மறுமையிலயும் எடுபடும்.”

“அந்த மற்ற ஆள் ஆர் எண்டு தெரியாதே சாச்சி?”

“அதத் தேடுறது உன்ட வேல. உனக்குப் பென்சன் இரிக்கிதானே.”

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். என் கொப்பியில் “அவர் இவர்தான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்றேன். பிடிவாதக்காரன் என்றார், உன்ட வாப்பாவும் இப்படித்தான் என்றார், தபால் கந்தோர்ப் பசை மண்டைக்குள்ளும் ஒட்டிவிட்டது என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் கதவடியில் நின்று ரசித்தார்கள். கடைசியில் நான் எழுதியது: “பொருந்துகிறது. உறுதிப்படுத்தப்படவில்லை.” சாச்சி முதல் சொல்லை இரண்டு முறை வாசித்தார். மற்றதை வாசிக்கவில்லை.

செய்தியில் “சென்ற வாரம்” என்றிருப்பதைக் கொண்டு, பத்திரிகைத் திகதியிலிருந்து பின்னால் எண்ணி, ஒரு கிழமையை நான் குறித்துக் கொடுத்தேன். பிறைக் கணக்குக்கு மாற்றினால் ரபீஉல் ஆகிர் மாதத்தில் வந்தது. இந்த வருடம் அந்தக் கிழமையில் சாச்சி தன் வீட்டில், இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் வைத்தார். முதலாமவருக்கு எங்கள் குடும்பம் திகதி பார்த்து ஓதிய முதல் கத்தம் அது. ஓத வந்த லெப்பை பெயரைக் கேட்டார். சாச்சி திரைக்குப் பின்னால் இருந்து சத்தமாகவே சொன்னார். லெப்பை திகதி சரிதானா என்பதுபோல என்னைப் பார்த்தார். ஒரு கிழமை முன்பின்னாக இருக்கலாம் என்றேன். துஆவுக்கு அது பரவாயில்லை என்றார்.

அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் நடந்ததை மனைவி சொல்லித்தான் அறிவேன். சாய்ந்தமருதுக் கலியாணத்தில் பேசிய அந்த முதிய பெண்ணையும் சாச்சி அழைத்திருந்தார். ஓட்டோ அனுப்பி அழைத்திருந்தார். தன் சஹனிலேயே, தனக்கு எதிரிலேயே இருத்தினார். எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்த பிறகு, என் பென்சில் எழுத்தின் போட்டோப் பிரதியைத் முக்காட்டுக்குள்ளிருந்து எடுத்து, அதே சத்தத்தில் வாசித்தாராம். யானை வரைக்கும் வாசித்தாராம்.

“மத்த ஆள் ஆராம்?” என்று அந்த முதிய பெண் கேட்டார்.

“தேடிட்டு இருக்கான்,” என்று சாச்சி சொன்னார். “நீங்க தின்னுங்க ராத்தா. இறைச்சி ஆறப்போகுது.”

ஒருவரும் எழும்பவில்லையாம், தட்டு காலியாயிற்றாம். நான் ஆண்கள் பக்கம் இருந்ததால் நேரில் காணவில்லை.

இதற்குப் பிறகு கொழும்புக்கு இரண்டு முறை போய்வந்தேன். அந்தப் பத்திரிகையில் அடுத்து வந்த இறக்காமச் செய்திகள் யானைகளைப் பற்றியவை. கரத்தையுடன் போய் இறந்த “கல்முனைவாசி ஒருவர்” என் மூத்தாப்பாதானா என்பதும், உடன் வந்த இருவரில் மற்றவர் யார் என்பதும், இதை எழுதும் இன்றைய திகதி வரை உறுதிப்படுத்தப்படவில்லை.